பட்டன் தேயாத டயர்

“டயருக்கு என்ன, பட்டன் நல்லாத்தானே இருக்கு?” மதுரையில் இருசக்கர வண்டி வைத்திருக்கும் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. டயரின் மேற்பரப்பில் பள்ளங்களுக்கு நடுவே எழும்பி நிற்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறோம். மெக்கானிக் இதைத்தான் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். பழைய வண்டி வாங்கப் போகிறவர் குனிந்து பார்ப்பதும் பட்டனைத்தான். அக்னி நட்சத்திரம் முடிந்து பெய்த முதல் மழையில் என் அக்காவின் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. அந்த ஸ்கூட்டரின் முன் டயரில் பட்டன் தேயவே இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் டயர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அது நன்றாக இல்லை என்பதை வீட்டார் ஒப்புக்கொள்வதற்கு நான் சக்கரத்தையே கழற்றி அவர்கள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. வண்டிப் பராமரிப்பில் எது வீட்டு வேலை, எது கடை வேலை என்பதைப் பற்றி அதன் பிறகு எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டாகியிருக்கிறது.

அக்கா திருநகரில் குடியிருக்கிறாள். பசுமலையில் ஒரு பள்ளியில் ஆசிரியை. ஸ்கூட்டர் 2015-ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கியது. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, கிருத்திகைக்குத் திருப்பரங்குன்றம் கோயில் என்று சுற்றியே பழகிய வண்டி. இத்தனை ஆண்டுகளில் 15,000 கிலோமீட்டரைக்கூட அது தாண்டவில்லை. மழை பெய்த அன்று மாலை திருப்பரங்குன்றம் சாலையில் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆளை ஏற்றிக்கொள்வதற்காகச் சட்டென்று நின்றிருக்கிறது. அக்கா பிரேக்கைப் பிடித்தவுடன் முன் சக்கரம் உருளுவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பின்னால் பெரிய வண்டி எதுவும் வராததால் முழங்காலிலும் முழங்கையிலும் சிராய்ப்போடு தப்பினாள். அன்றிரவு நான் போனபோது ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் கிளம்பி வழுக்கும் என்றார் அத்தான்; அது உண்மைதான். முன் பிரேக்கைத் தொட்டிருக்கவே கூடாது என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அதை நான் ஏற்கவில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால் வண்டியை நிறுத்துகிற வலுவில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான் உண்டு. “நான் மெதுவாத்தான் தம்பி வந்தேன், பிரேக்கையும் அமுக்கிப் பிடிக்கல” என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறவன் என்ற முறையில் நான் அதை நம்பினேன்.

அந்த வண்டி சில வாரங்களுக்கு முன்புதான் சர்வீஸ் முடிந்து வந்திருந்தது. கொடுத்த சீட்டில் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர் ஆகியவற்றோடு டயருக்கும் ‘சரி’ என்று குறி போட்டிருந்தார்கள். அந்தக் குறியைப் போட்ட இளைஞர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் பட்டனைப் பார்த்திருப்பார், அது தேயவில்லை, குறி போட்டுவிட்டார்.

பக்கவாட்டில் எழுதியிருப்பது

கைப்பேசி வெளிச்சத்தில் நான் அந்த டயரைப் பார்த்தேன். பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. தேய்மானத்தைக் காட்டுவதற்காகப் பள்ளங்களின் அடியில் வார்த்திருக்கும் சிறு மேடுகள் இன்னும் வெகு கீழே கிடந்தன. ஆனால் கட்டைவிரல் நகத்தை ரப்பரில் வைத்து அழுத்தினால் தடமே பதியவில்லை. பள்ளத்தின் அடியிலும் ரிம்மை ஒட்டிய பக்கச் சுவரிலும் கோடையில் வற்றிய கண்மாயின் தரையைப் போல மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருந்தன: 3415. அதாவது 2015-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் வார்க்கப்பட்ட டயர். வண்டியோடு வந்தது, அன்று முதல் அதே இடத்தில் இருக்கிறது. பின் டயர் இடையில் ஒருமுறை ஆணி கிழித்துப் போனதால் மாற்றப்பட்டிருந்தது. அதில் 1121 என்றிருந்தது.

டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொள்வது ஒரு மாலைப் பொழுதில் முடிகிற காரியம். அக்காவின் டயரில் 90/100-10 53J என்று இருந்தது. 90 என்பது மில்லிமீட்டரில் அகலம். 100 என்பது அந்த அகலத்தில் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 10 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 53 என்ற எண் அந்த டயர் 206 கிலோ வரை சுமக்கும் என்பதையும், J என்ற எழுத்து அந்தச் சுமையோடு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. உருளும் திசையைக் காட்டும் அம்புக்குறி ஒன்று இருக்கும். அதைக் கவனிக்காமல் திருப்பி மாட்டினால் பள்ளங்கள் நீரை வெளியே தள்ள வேண்டிய முறையில் தள்ளாது. இத்தனையும் எழுதியிருக்கிற ஒரு பொருளை நாம் பட்டனை மட்டும் பார்த்து மதிப்பிடுகிறோம்.

ரப்பர் ஏன் ஓடாமலே கெடுகிறது என்பதற்கு விடை எளியது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைத் தொடர்ந்து தாக்குகின்றன. மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்கள் மெல்ல மெல்ல வெளியேறுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய ரசாயன மாற்றங்களின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. மதுரையில் மே மாதப் பகல் 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நிற்கும் கறுப்பு ரப்பரின் சூடு அதையும் தாண்டும். அக்காவின் பள்ளியில் வண்டி நிறுத்தும் இடத்தில் நிழல் கிடையாது. இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஓசோன் தாக்காமலிருக்க டயரில் ஒரு வகை மெழுகும் வேறு சில பாதுகாப்புப் பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளிந்துகொண்டிருந்தால்தான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படியும். நின்றுகொண்டே இருக்கும் வண்டியின் டயருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைகிறது. ஆகவே தினமும் மேலூருக்குப் போய்வருகிறவரின் டயர் தேய்ந்து சாகிறது. தெருமுனை வரை போய்வருகிறவரின் டயர் தேயாமலே செத்துப் போகிறது. இரண்டாவது சாவு கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால் அதுதான் அதிக ஆபத்தானது என்று நான் கருதுகிறேன். ஐந்து ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும் என்றும், பட்டன் எப்படி இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டவே கூடாது என்றும் டயர் நிறுவனங்கள் பலவும் சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் அந்தப் பத்தை நெருங்கவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஒத்தக்கடையில் குடியிருக்கும் எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. யானைமலையைத் தாண்டி மேலூர் சாலையில் போனால் வெள்ளரிப்பட்டியில் 1982-இல் நிறுவப்பட்ட டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் தொழிற்சாலை இருக்கிறது. நாடெங்கும் ஓடும் இருசக்கர வண்டிகளுக்கான டயர்கள் அங்கே வார்க்கப்படுகின்றன. இந்தப் பக்கத்து ஊர்களில் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களோ பார்க்கிறவர்களோ உறவில் இருப்பார்கள். டயர் செய்கிற ஊரிலேயே டயரின் வயதைப் பார்க்கும் வழக்கம் வரவில்லையே என்பதுதான் அந்த வருத்தம்.

சக்கரம் வேறு, டயர் வேறு

டயரை மாற்ற வேண்டும் என்றதும் அத்தான் தயங்கினார். இவ்வளவு பட்டன் இருக்கும்போது எதற்காகச் செலவு என்பது அவர் கேள்வி. பேசிப் பயனில்லை என்று தோன்றியதால் மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை ஸ்பேனர் பெட்டியோடு போனேன். முன் சக்கரத்தை நானே கழற்றப் போகிறேன், டயரைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம் என்றேன். “கடைக்குத்தான் போகணும்னா வண்டியையே ஓட்டிட்டுப் போகலாமே?” என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு அப்போது சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த டயரோடு நீ ஓட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். சரியான பதில் அடுத்த ஒரு மணி நேரத்தில் அவள் கையிலேயே கிடைத்தது.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்பக்கச் சட்டத்தின் அடியில் மரக்கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையிலிருந்து எழும்பி நிற்கும்படி செய்தோம். மீட்டர் கேபிளைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றினோம். பிரேக் கேபிளின் நுனியில் இருக்கும் நட்டையும் கழற்றினோம். அதன் பிறகு ஆக்சில் நட்டு. அதை ஸ்டாண்டில் நிறுத்துவதற்கு முன்பே, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டால் பிறகு வண்டியை ஆட்ட வேண்டியதில்லை. ஆக்சிலை உருவியதும் சக்கரம் கையோடு வந்துவிட்டது. பிரேக் ஷூ தாங்கியிருக்கும் தட்டைத் தனியே எடுத்தோம். உள்ளே படிந்திருந்த தூளை வாயால் ஊதப் போன அத்தானைத் தடுத்து ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். பிரேக் தூள் மூச்சுக் குழலுக்குள் போகக் கூடாத பொருள்.

பிறகு ஆக்சிலைச் சக்கரத்தின் நடுவில் மறுபடி செருகி, அதன் இரு முனைகளையும் அக்காவின் கைகளில் கொடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். அவள் முகம் மாறியது. “என்னடா, உள்ள மணலு அரைக்கிற மாதிரி இருக்கு?” என்றாள். ஒரு பக்கப் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து, ஆயில் சீலின் உதடு கிழிந்து, மழைநீரும் தூசியும் உள்ளே போயிருந்தன. ஓட்டும்போது அந்த ஓசை கேட்காது. இன்ஜின் சத்தத்தில் மறைந்துவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போது அதைத் தொட்டும் அறிய முடியாது. எடையற்றுச் சுழலும் சக்கரம் ஆக்சில் வழியாக விரல்களுக்குச் சொன்னால்தான் தெரியும். அதைத் தொடர்ந்து மற்றவையும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. பிரேக் ஷூவின் பரப்பு கண்ணாடி போல மினுங்கியது. ஷூவை விரிக்கும் கேம் வறண்டு இறுகியிருந்தது. அதனால்தான் பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்காமல் ஒரேயடியாகக் கவ்வியிருக்கிறது. அமுக்கிப் பிடிக்கவில்லை என்று அவள் சொன்னதற்குச் சாட்சி அந்தக் கேமில் இருந்தது. காய்ந்த டயர், கவ்வுகிற பிரேக், எண்ணெய் கிளம்பிய சாலை என்ற மூன்றும் அந்த ஷேர் ஆட்டோவின் பின்னால் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அக்கா கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “இத்தனை வருஷமா சர்வீஸ் விடறேனே, ஒருத்தரும் இதைக் கழட்டலையா?” என்றாள்.

கழற்றியிருக்க மாட்டார்கள். முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டிய புகார் வந்தால்தான் கழற்றுவார்கள். வழக்கமான சர்வீஸில் பிரேக் கேபிளை இறுக்கிக் கொடுப்பதோடு முடிந்துவிடும். ஒரு நாளில் அத்தனை வண்டிகளை முடித்தாக வேண்டிய இடத்தில் அதைக் குறை சொல்வதிலும் பயனில்லை. பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றுகிறவர் டயரைப் பார்ப்பார்; பேரிங் அவர் வேலை அன்று. டியூப்லெஸ் வந்த பிறகு பஞ்சருக்காகச் சக்கரத்தைக் கழற்றுவதும் நின்றுபோய்விட்டது. வண்டி நின்ற இடத்திலேயே ரப்பர் திரியைச் செருகி அனுப்பிவிடுகிறார்கள். அதாவது, முன்பெல்லாம் தற்செயலாகவாவது கழன்றுகொண்டிருந்த சக்கரம் இப்போது ஆண்டுக் கணக்கில் கழலுவதே இல்லை. ஆகவே என் கருத்து இதுதான்: சக்கரத்தைக் கழற்றுவதும் டயரைக் கழற்றுவதும் இரண்டு தனித்தனி வேலைகள். டயரைக் கழற்றுவதை விருப்பமும் கருவியும் உள்ளவர்கள் வீட்டில் செய்யலாம், இல்லாதவர்கள் கடைக்குக் கொண்டு போகலாம். சக்கரத்தைக் கழற்றி, பார்த்து, துடைத்து, திரும்ப மாட்டுவது மட்டும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வண்டி வைத்திருப்பவரின் கையால் நடக்க வேண்டும்.

திரும்ப மாட்டும்போதுதான் கவனம் அதிகம் தேவை. இந்த வகை ஸ்கூட்டர்களில் பிரேக் தட்டின் விளிம்பில் ஒரு காடி இருக்கும். முன்பக்கத் தாங்கியில் அதற்கேற்ற ஒரு முளை இருக்கும். காடிக்குள் முளை உட்கார்ந்தால்தான் பிரேக் பிடிக்கும்போது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் நிற்கும். உட்காராமல் ஆக்சிலை இறுக்கிவிட்டால் முதல் பிரேக்கிலேயே தட்டு சுழன்று கேபிளை அறுத்து ஆளைக் கவிழ்த்துவிடும். மீட்டர் கேபிளைச் சுழற்றும் சிறு பல்சக்கரமான மீட்டர் பினியனின் பல்லும் சக்கரத்தில் உள்ள வெட்டுக்குள் விழ வேண்டும். விழாமல் இறுக்கினால் நசுங்கிவிடும். அக்கா இதை இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆக்சிலைச் செருகினாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செய்முறைப் பயிற்சி நடத்துகிறவளின் கை அது. எனக்குச் சொல்லித் தர வேண்டிய வேலை அதிகம் இருக்கவில்லை.

கடையில் நடந்தது

பத்து அங்குல டியூப்லெஸ் டயரை வீட்டில் மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ரிம் சிறியது, கம்பி ஓடும் ஓரம் விறைப்பானது. நெம்பும்போது ரிம்மின் விளிம்பில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே காற்று கசியும். மாட்டிய பிறகு டயரின் ஓரத்தை ரிம்மில் உட்கார வைப்பதற்கு ஒரே வீச்சில் நிறையக் காற்று பாய வேண்டும். கால் பம்ப்பால் அது நடக்காது. அளவுக்கு மீறி அழுத்தம் ஏற்றி ஓரத்தை உட்கார வைக்க முயன்றால் டயர் வெடித்துக் கை போகக்கூடிய ஆபத்தும் உண்டு. ஆகவே சக்கரத்தை ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டு என் வண்டியில் இருவரும் டயர் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்த டயரின் தேதியை அக்கா தானாகவே தேடிப் படித்தாள். ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. வேறு இருக்கிறதா என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நிழலில், காற்று நிரப்பாமல், ரிம்மில் ஏறாமல் கிடக்கும் டயருக்கு ஓராண்டு பெரிதில்லை; வெயிலில் காற்றுக் குறைவோடு நிற்கும் டயருக்கு அதே ஓராண்டு பெரிது என்றார். அவர் சொன்னது சரி. கிடங்கில் கழிந்த மாதங்களையும் சாலையோரத்தில் கழிந்த மாதங்களையும் ஒன்றாக எண்ணக் கூடாது. இருந்தாலும் உள்ளே போய் அண்மையில் வார்த்த ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். புதிய டயரோடு ரப்பர் வால்வையும் மாற்றச் சொன்னோம். அதுவும் அதே ரப்பர்தான், அதே வயதுதான். வால்வின் அடிப்பகுதியை மடக்கிப் பார்த்தபோது வெடிப்பு வாய் திறந்தது. பேரிங், சீல், பிரேக் ஷூ ஆகியவற்றைப் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டோம். பேரிங்கை அடித்து இறக்கும் வேலையைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சக்கரத்தைக் கொடுத்து முடித்தோம்.

பழைய டயரைக் கடையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், கொஞ்சம் பணம் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பட்டன் அவ்வளவு நன்றாக இருக்கும் டயரைப் பாலிஷ் போட்டு வைத்தால் செகண்ட்ஸ் என்று யாராவது வாங்கிப் போய் மாட்டிவிடுவார்கள் என்பது அவள் அச்சம். வீட்டுக்கு எடுத்து வந்து, பட்டன் பக்கத்தை ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்து, மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடாதபடி செய்த பிறகுதான் பழைய இரும்புக்காரரிடம் போட்டாள்.

எதிர்ப்பக்கம் மிதிப்பது

என்னுடையது ஸ்போக் சக்கரம் வைத்த 100 சிசி மோட்டார் சைக்கிள். ஸ்போக் துளைகள் வழியாகக் காற்று போய்விடும் என்பதால் அதற்கு டியூப் கட்டாயம். பதினெட்டு அங்குல ரிம், ஒல்லியான டயர், மெல்லிய பக்கச் சுவர். இதை வீட்டு முற்றத்தில் மாற்றலாம், மாற்றிக்கொண்டிருக்கிறேன். திருமோகூர் சாலையில் ஒரு புங்க மரத்தடியில் பஞ்சர் பார்க்கும் அண்ணன் ஒருவரிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டேன். கண்மாய்க் கரைச் சாலைகளில் சீமைக் கருவேல முள்தான் டியூப்புக்கு முதல் பகை. எங்கள் ஒத்தக்கடையை ஒட்டி அமைந்திருக்கும் உயர் நீதிமன்றக் கிளை 2017-இல் அந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட காலத்தில் பல கரைகளில் வெட்டினார்கள், மறுபடி தழைத்துவிட்டது. அந்த முள் ரப்பருக்குள் ஏறி ஒடிந்துவிடும். வெளியே எதுவும் தெரியாது, உள்ளே நுனி நீட்டிக்கொண்டிருக்கும். டியூப்பை ஒட்டிப் போட்டால் இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்புறம் முழுவதையும் பருத்தித் துணியால் தடவிப் பார்த்தால் துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் தடவக் கூடாது.

டயரை ரிம்மிலிருந்து எடுப்பதற்கு வலு வேண்டும் என்று நினைப்பவர்கள் லிவரை நெம்பி நெம்பி ரிம்மை வளைத்துவிடுவார்கள். அந்த அண்ணன் ஒல்லியானவர். “எதிர்ப்பக்கம் மிதிங்க தம்பி, இந்தப் பக்கம் தானா இறங்கும்” என்றார். ரிம்மை வெட்டிப் பார்த்தால் இரு விளிம்புகளுக்கும் நடுவில் ஒரு தாழ்வான வாய்க்கால் ஓடும். டயரின் ஓரத்தில் இருப்பது இரும்புக் கம்பி; அது நீளாது. ஆனால் நெம்புகிற இடத்துக்கு நேர் எதிரே உள்ள ஓரத்தைக் காலால் அழுத்தி அந்த வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டால், இந்தப் பக்கம் அந்த ஆழத்தின் அளவுக்கு இடம் கிடைக்கும். அந்த இடமே போதுமானது. கழற்றும்போது வால்வுக்கு அருகில் நெம்பத் தொடங்கி எதிரே மிதிக்க வேண்டும். மாட்டும்போது வால்வுக்கு எதிரே தொடங்கி வால்வின் அருகில் முடிக்க வேண்டும். கடைசிச் சாண் அளவு ஏறாமல் அடம்பிடிக்கிறது என்றால், எதிர்ப்பக்கம் வாய்க்காலிலிருந்து மேலே ஏறிவிட்டது என்று பொருள். லிவரை வைத்துவிட்டு மறுபடி எதிரே போய் மிதிக்க வேண்டும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு ஏறும்.

புது டயருக்குப் புது டியூப் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. பழைய டியூப் விரிந்து பெருத்திருக்கும். புது டயருக்குள் மடிந்து, அந்த மடிப்பில் அறுந்துவிடும். டியூப்பில் உருவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றி, பவுடர் தூவி உள்ளே வைத்தால் லிவரின் நுனியில் சிக்காது. ஸ்போக் முனைகளை மறைக்கும் ரப்பர் பட்டை நகர்ந்திருந்தால் சரிசெய்ய வேண்டும். மாட்டி முடித்ததும் ஒருமுறை காற்றை நிரப்பி, முழுவதும் இறக்கி, மறுபடி நிரப்பினால் டியூப்பின் சுருக்கங்கள் விலகிவிடும். டயரின் அடியில் ரிம்மை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தொலைவில் தெரிய வேண்டும். டியூப் வால்வின் நட்டை ரிம்மோடு இறுக்காமல், மேலே மூடியை ஒட்டி ஏற்றி வைப்பது என் வழக்கம். காற்றுக் குறைவாக ஓட்டினால் டயர் ரிம்மின் மீது மெல்ல நகர்ந்து டியூப்பையும் இழுக்கும். அப்போது வால்வு சாய்ந்து நின்று முன்கூட்டியே எச்சரிக்கும். நட்டை இறுக்கிவிட்டால் சாய முடியாமல் வால்வின் அடி கிழிந்துபோகும்.

பின் சக்கரத்தைத் திரும்ப ஏற்றும்போது இரு பக்கச் செயின் அட்ஜஸ்டர்களின் கோடுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் ஆட்டினால் 25 மில்லிமீட்டர் அளவுக்கு ஆட்டம் இருக்கட்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் தேயும். பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டையும், அதன் பிளவு ஊசியையும் மறக்கவே கூடாது. சக்கரம் வெளியே வந்திருக்கும்போதே, செயின் இழுக்கும் உதைப்பை வாங்கிக்கொள்ளும் டிரம் ரப்பரையும் அழுத்திப் பார்த்துவிடலாம். ஒத்தக்கடைச் சந்தியில் கியரைப் போட்டு எடுக்கும்போது வரும் உதைப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மற்றபடி வீட்டுப் பராமரிப்பில் நான் விடாமல் செய்வது காற்று. அக்காவின் ஸ்கூட்டருக்குக் காற்றழுத்தம் முன்னால் 22 பி.எஸ்.ஐ., பின்னால் 29, பின்னிருக்கையில் ஆள் இருந்தால் பின்னால் 36. வண்டியில் ஒட்டியிருக்கும் வில்லையில் உள்ள இந்த அளவைத்தான் வைக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. பங்க்கில் மதிய வெயிலில் ஓட்டிப் போய்ப் பார்க்கும் அளவு சரியாக இருக்காது, சூடு 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்று அல்லது ஒன்றரை கூடிவிடும். காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சொந்தக் கேஜை வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சரே வராது என்று விற்கும் திரவத்தை நான் ஊற்றுவதில்லை. அது முள்ளை மறைத்துவிடுகிறது; முள் ஏறியது தெரிந்தால்தானே டயரைக் கழற்றிப் பார்க்கத் தோன்றும்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், முதல் 100 கிலோமீட்டர் வரையாவது வளைவுகளில் சாய்க்காமல், திடீர் பிரேக் பிடிக்காமல் ஓட்டச் சொன்னேன். அக்காவின் வேகத்துக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அரையாண்டு விடுமுறையில் பின் சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் என்கிறாள். பின் டயருக்கு இன்னும் வயதாகவில்லை. பிரேக் ஷூவையும் கேமையும் பார்ப்பதற்காகத்தான். அந்த வண்டியில் சைலன்சரை இறக்காமல் பின் சக்கரம் வெளியே வராது, இறக்கினால் இன்ஜினோடு அது சேரும் இடத்தில் புதுக் கேஸ்கெட் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கேஸ்கெட்டையும், பின் ஆக்சிலின் பெரிய நட்டுக்குச் சரியான சாக்கெட் ஒன்றையும் சிம்மக்கல் பக்கம் போனபோது அத்தானே வாங்கி வந்திருக்கிறார்.